பஞ்சு கிடைத்த இடம்

ஆராய்ச்சிப் படகிலிருந்து என் மனைவி கடைசி ஆளாக இறங்கினாள். அவள் கையில் இருந்த வெள்ளை வாளியில் சாம்பல் நிறச் சேறு. மூன்று முறை வலை இறக்கியிருக்கிறார்கள். மூன்று முறையும் இதுதான் ஏறியது.

"நீங்க கொடுத்த எண்ணுக்குத்தான் போனோம்" என்றாள். மில்லர்புரம் வீட்டுக்கு வந்து சேரும்வரை வாளியை மடியிலேயே வைத்திருந்தாள்.

கடலில் இடத்தைக் குறிக்கும் அந்த எண்ணை வாங்கிக் கொடுத்தவன் நான். அதற்கு முந்தைய ஆண்டு மீன் விலை பற்றிய செய்திக்காக மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். ஆழ்கடலில் இறால் இழுக்கும் விசைப்படகு ஒன்றின் கழிசலில், மஞ்சள் நிறத்தில், கைப்பிடி அளவில், கடற்பஞ்சு என்ற கடலடி உயிர் ஒன்று கிடந்தது. கல்லூரி ஆய்வகத்தில் அவள் இப்படிப்பட்டவற்றைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். கடல் நீரோடு பையில் கட்டி எடுத்துக்கொண்டேன். எங்கே கிடைத்தது என்று படகு டிரைவரிடம் கேட்டேன். டிகிரி, நிமிடம், விநாடி, அதாவது பாகை, கலை, விகலை என்று மூன்றையும், கூடவே ஆழத்தையும், மனப்பாடமாக ஒப்பித்தார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு வாய் சொன்னதை இன்னொரு வாயில் கேட்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பது என் தொழிலின் முதல் விதி. அன்று இரண்டாவது ஆளிடம் நான் கேட்கவில்லை. கடல் வரைபடத்தில் ஆழம் பொருந்தியது. அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

அந்தப் பஞ்சின் உடலுக்குள் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரை அவள் வளர்த்தெடுத்தாள். எந்த மருந்துக்கும் அடங்காத ஒரு மருத்துவமனைக் கிருமி, ஆய்வகத் தட்டு முழுக்கப் பாலாடைபோலப் படர்ந்திருந்தும், இந்த நுண்ணுயிரைச் சுற்றி மட்டும் நெருங்கவில்லை. கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு வளையம். புதிய ஆன்டிபயாடிக் என்று சொல்ல அவளுக்குத் துணிவில்லை. "ஆகலாம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு தட்டு மாற்றித் தட்டு வளர்த்ததில் வளையம் சிறுத்துக்கொண்டே வந்து, ஒரு நாள் இல்லாமலே போயிற்று. நுண்ணுயிர் உயிரோடுதான் இருந்தது, வேலையைத்தான் நிறுத்திவிட்டது. தாமதமாக உறைய வைத்திருந்த மாதிரியும் அப்படியே. அதே இடத்திலிருந்து புதுப் பஞ்சு வேண்டும். ஆராய்ச்சிப் படகு ஒரே ஒரு நாளுக்குத்தான் கிடைத்தது. அந்த நாள் சேற்றோடு முடிந்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்க இன்னும் ஐந்து நாள். அதன் பிறகு இரண்டு மாதம் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அதற்குள் அவளுடைய ஆய்வுத் திட்டமே முடிந்துவிடும்.

மறுநாள் காலை காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போனேன். அந்த டிரைவர் படகின் பலகையில் உட்கார்ந்து வலை மடியின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் ஜெபமாலை.

"அண்ணே, நீங்க சொன்ன எடத்துல வெறும் சேறுதான் இருக்கு."

"அங்கன சேறுதான இருக்கும்" என்றார் சாதாரணமாக.

"நீங்கதான சொன்னீங்க?"

"ஏ பேப்பர்காரரே, கடல்ல எடம் கேட்டா எவன் நெசத்தச் சொல்லுதான்? எம் மச்சினன் கேட்டாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். அத எழுதியா வச்சிய?"

"எழுதுனதோட விட்டாவளா? ஒரு கப்பலையே அனுப்பியிருக்காவ!" என்றார் பக்கத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர். படகே சிரித்தது. என் முகத்தைப் பார்த்த டிரைவர் மட்டும் ஊசியைக் கீழே வைத்தார்.

"ஒங்க வீட்டு டீச்சர் வெறுங்கையோடயா வந்தாவ?"

"ஒரு வாளிச் சேத்தோட."

"ஆழத்தச் சரியாத்தான சொன்னேன்" என்றார், சமாதானம் சொல்வதுபோல.

பொய்யிலும் ஆழம் தப்பக் கூடாது. அது அவர்களுடைய ஒழுங்கு. அந்தத் துறைமுகத்தில் யாருக்கும் அது ஏமாற்று இல்லை. இடத்தைக் கேட்டவனும் அதை நம்ப மாட்டான். நம்பி எழுதிவைத்தது நான் ஒருவன்தான்.

ஏன் வேண்டும் என்று விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "பஞ்சு ஏறுச்சுன்னா பாறை ஓரம். பாறை ஓரத்துலதான் இறால். பஞ்சு எங்கனன்னு கேக்கதும், இறால் எங்கனன்னு கேக்கதும் ஒண்ணுதான். பஞ்ச வேணா கொண்டாரேன். எடம் கேக்காதிய."

"எடம் இல்லாம பஞ்சு மட்டும் பத்தாதுண்ணே. நாளைக்கு இன்னொருத்தர் அங்க போயி எடுத்துப் பாத்து, ஆமான்னு சொல்லணும்."

"இன்னொருத்தன் போறதுதாம்யா எனக்குப் பயமே."

அதோடு பேச்சு முடிந்தது. அன்றும் மறுநாளும் எந்த வேலையும் ஓடவில்லை. அலுவலகத்தில் ஒரே செய்தியை மூன்று முறை திருத்தினேன். வீட்டில் கதவுக்கும் மாடிக்கும் நடந்தேன்.  

தடைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பொழுது சாயும் நேரத்தில் டிரைவர் போன் செய்து துறைமுகத்துக்குக் கூப்பிட்டார். கேனில் கடல் நீர், அதற்குள் மஞ்சள் பஞ்சு. கூடவே, நான்காக மடித்த ஒரு டீசல் சீட்டு. அதன் பின்பக்கத்தில் எண்கள்.

"டீச்சர வெறுங்கையோட வர வச்சது நாந்தான். இது நெசம். சத்தியம் பண்ணச் சொன்னா திருப்பி வாங்கிருவேன்" என்றார்.

சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்கு வந்தேன். அதே ஆழத்தில் இழுக்கும் இன்னொரு படகின் டிரைவர் அங்கே நின்றிருந்தார். இந்த எண்ணில் பாறை உண்டா என்ற ஒரு கேள்வி போதும், எனக்கு இரண்டாவது வாய் கிடைத்துவிடும். ஆனால் கேட்ட அந்த நொடியிலேயே இடமும் அவர் கைக்குப் போய்விடும். ஒரு டீ குடித்தேன். வண்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்து இன்னொரு டீ சொன்னேன்.

அவரே ஆரம்பித்தார். "என்ன அண்ணாச்சி, டீச்சருக்குப் பஞ்சு வந்துட்டாமே. எங்கன?"

"கெழக்க."

"இலங்கையும் கெழக்கதான் கெடக்கு."

"ஆமா" என்றேன். இரண்டாவது டீயை முடிக்காமல் கிளம்பினேன்.

ஆய்வகத்தில் பஞ்சை அறுத்துக்கொண்டே அவள் கேட்டாள்: "இந்தத் தடவை சரிபார்த்தீங்களா?"

"இல்லை. கேட்டா அவர் எடம் போயிரும்."

கத்தியை வைத்துவிட்டுச் சீட்டை வாங்கி விரித்தாள். பதிவேட்டில் எண்ணை எழுதி, குறிப்புப் பகுதியில் 'ஒருவர் சொன்னது' என்று சேர்த்தாள்.

கடல் நுண்ணுயிர் மெதுவாகத்தான் வளரும். மூன்று வாரம் ஏதாவது சாக்குச் சொல்லி ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். தட்டுகள் இருந்த பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று இரண்டு முறை என்னை வெளியே அனுப்பினாள். நான்காம் வாரம் அவளே கூப்பிட்டாள். ஐந்து தட்டுகளில் ஒன்றில் வளையம் தெளிவாக இருந்தது. அளவுகோலை வைத்து இரண்டு முறை அளந்தாள். இந்த முறை அந்த நுண்ணுயிரைப் பலமுறை மாற்றி வளர்க்காமல், அன்றே இருபது குப்பிகளில் உறைய வைத்தாள்.

"கட்டுரையில எடம் போடணுமே" என்றேன்.

"பாகையும் கலையும் போடுவேன். விகலை போட மாட்டேன். பொய்யும் இல்ல, காட்டிக் கொடுத்ததும் இல்ல. முழுசும் வேணுங்கிற ஆய்வாளர் எனக்கு எழுதிக் கேக்கட்டும்."

பஞ்சு தந்த டிரைவரிடம் சொன்னபோது அவருக்குப் பெரிய மகிழ்ச்சி இல்லை. "அப்ப ஒரு மைல் சதுரம் ஆச்சு. நாலு நாள் தேடுனா புடிச்சிருவானுவ" என்றார். பிறகு, "ஒங்க பேப்பர்ல போடுவியளா?" என்று கேட்டார்.

"மாட்டேன்."

என் வேலையில் நான் போடாமல் விட்ட செய்திகள் குறைவு. வளையம் வந்ததால் பஞ்சு அதே வகை என்பது உறுதியானது. அந்த எண் உண்மையா என்பது உறுதியாகவில்லை. ஆய்வுத் திட்டம் முடிந்தாலும், வளையத்தைக் காட்டி, தடைக்காலத்துக்குப் பிறகு ஒரு நாள் படகு கேட்டு அவள் மீண்டும் விண்ணப்பித்திருக்கிறாள். பதில் வரவில்லை. அந்தச் சீட்டு பதிவேட்டுக்குள் இருக்கிறது. துறைமுகத்தில் அந்த ஆழத்தை அறிந்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். தினமும், கேட்காமலே, அவர்களைக் கடந்துதான் போகிறேன்.