எத்தனாவது?

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். கலவைச் சட்டி தூக்கினேன், கொத்தனார் ஆனேன், மேஸ்திரி ஆனேன். இன்று ஆறு மாடிக் கட்டடம் ஒன்று என் பெயரில் நிற்கிறது. வாடகைக்கு இடம் பார்க்க வருகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். தட்டட்டும், அவர்கள் விரல்தான் வலிக்கும். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல. என்னைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் பத்தாது. இது என் மச்சினனைப் பற்றி.

என் மனைவியின் தம்பி. கட்டடத்தில் எல்லோருக்கும் அவன் 'கண்டக்டர்'. உண்மையிலேயே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன்தான். முழங்கால் தேய்ந்து, ஓடுகிற பஸ்ஸில் நிற்க முடியாமல் போனபோது, "தம்பிக்கு உங்க கட்டடத்துல ஒரு இடம் பாருங்க" என்றாள் என் மனைவி. அவள் கேட்ட விதத்தில் மறுபேச்சுக்கு இடமில்லை. லிப்டுக்குள் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். பட்டனை அமுக்க ஆள் வேண்டுமா என்றால், வேண்டாம்தான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

அவனுக்குப் புத்தகப் பைத்தியம். பஸ்ஸில் யாராவது சீட்டில் மறந்துவிட்டுப் போன புத்தகத்தை டிப்போவில் ஒப்படைப்பான். தேடி யாரும் வராவிட்டால் அது அவனிடமே திரும்பி வரும். அப்படித் தொற்றிய நோய். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கையோடு, "என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டு, பக்கத்திலேயே நின்றுவிடுவானாம். பஸ்ஸில் அதற்கு நேரம் இருந்தது. லிப்டில் கீழிருந்து மேலே போக ஒரு கொட்டாவி விடுகிற நேரம்தான். ஆகவே பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கக் கற்றுக்கொண்டான்.

மூன்றாவது மாடியில் பல் ஆஸ்பத்திரி. அங்கே வேலை பார்க்கும் நர்ஸ் கையில் நாவலோடு ஏறினால் போதும்.

"என்ன சிஸ்டர், அந்தப் படகுக்காரி அவ அக்காகூடப் பேசிட்டாளா?"

"எங்க பேசினா! படகுக்கு நடுவுல கோடு போட்டு ஆளுக்குப் பாதின்னு பிரிச்சுக்கிட்டாங்க."

"அப்ப துடுப்பு யார் பக்கம்?"

"அதானே சண்டையே!"

கதவு திறந்துவிடும். மிச்சம் மறுபடி அவள் ஏறும்போது. இரண்டாவது மாடி வக்கீலிடம், "ஐயா, பறவைப் புத்தகம் தூக்கம் வருதுன்னீங்களே, இன்னுமா படிக்கிறீங்க?" என்பான். "தூக்கத்துக்குத்தான்பா படிக்கிறேன்" என்பார் அவர். இவர் படித்ததை அவருக்குச் சொல்வான், அவர் படித்ததை அடுத்தவருக்குச் சொல்வான். ஒரே புத்தகம் மாடி மாடியாகக் கை மாறும்.

நாளடைவில் அவன் கேள்வி ஒரே வார்த்தையாகச் சுருங்கிவிட்டது. "எத்தனாவது?" எத்தனாவது அத்தியாயம் என்று அர்த்தம். யார் எந்த மாடி என்பது முகத்தைப் பார்த்தாலே அவனுக்குத் தெரியும். ஒரு தடவை நான் நிற்கும்போது ஒரு பெண் ஏறி "இருபத்தி ரெண்டாவது" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கட்டியது ஆறு மாடிதானே!

வினை வந்ததும் அந்த ஒரு வார்த்தையால்தான். நான்காவது, ஐந்தாவது மாடிகளில் ஒரு ஆடிட்டர் கம்பெனி இருக்கிறது. அவர்களைத் தேடி ஒரு பெரிய வியாபாரி வந்தார். கையில் தடியாக பைண்டு செய்த ஃபைல். அந்தச் சமயம் கட்டடத்தில் பாதிப் பேர் ஒரு துப்பறியும் நாவலைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் அதே தடிமன். கண்டக்டர் வழக்கம்போலக் கேட்டான்.

"எத்தனாவது?"

"அஞ்சாவது."

"அஞ்சாவதுதானா? அப்ப இன்னும் ஒண்ணும் ஆகல. எட்டாவதுல போலீஸ் வந்துரும் சார். வேற யாரும் இல்ல, கூட இருக்கிற கணக்குப்பிள்ளையேதான் காட்டிக் கொடுப்பான்."

அந்த மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. வழியிலேயே இறங்கி, படியில் ஓடி, காரில் ஏறிப் போனவர் போனவர்தான்.

ஆடிட்டர் கம்பெனி மேனேஜர் என் அறைக்கு வந்து குதித்தார். "பட்டன் அமுக்க எதுக்குங்க ஒரு ஆளு? அவர் அந்த லிப்டுல இருந்தா, நாங்க ரெண்டு மாடியையும் காலி பண்ணிடுவோம்."

நான் யாருக்கும் பயந்தவன் இல்லை. இருந்தாலும் ஆறில் இரண்டு போனால் கட்டடம் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். மச்சினனைக் கூப்பிட்டேன். "இனிமே வெளிய வண்டி நிறுத்துற இடத்துல உக்காரு. வர்ற வண்டியைப் பாத்துக்க."

அவன் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஸ்டூலை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "அத்தான், அந்தப் பெட்டிக்குள்ள இருந்ததாலதான் நாலு பேரு என்கிட்டப் பேசினாங்க. கதவு மூடினா பேசித்தானே ஆகணும்? வெளிய ஒரு நொண்டிக் கிழவன் பக்கத்துல நின்னு எவன் பேசுவான்?"

வாசலைக் கையால் காட்டி அனுப்பி வைத்தேன். வீட்டில் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. தட்டு மட்டும் 'டொக்' என்று விழுந்தது.

வண்டிகளுக்கு நடுவே அவன் மடியில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கம் புரட்டாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஆள் நடமாட்டம் கேட்டால் நிமிர்வான். ஆனால் வாயைத் திறக்க மாட்டான்.

முதலில் வந்தது நர்ஸ்தான். லிப்டுக்குள் ஸ்டூலைக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். "என்ன கண்டக்டரே, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க? படகு முழுகிருச்சு, யார்கிட்டப் போய் நான் சொல்றது?" அடுத்து வக்கீல், தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். பிறகு ஆடிட்டர் கம்பெனிப் பிள்ளைகள். லிப்டில் அரை வாக்கியம் பேசியவர்கள் இங்கே அத்தியாயம் அத்தியாயமாகப் பேசினார்கள். டீ ஆறிப் போனது. மேலே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

மேனேஜர் மறுபடி வந்தார், இந்த முறை குதிக்காமல். "ஐயா, அவரை லிப்டுக்கே அனுப்பிடுங்க. அங்கன்னா கதவு திறந்ததும் பேச்சு முடிஞ்சிரும். இங்க ஒரு பய மேல வர மாட்டேங்கிறான்."

நான் நேராகப் போய் மச்சினனிடம் விஷயத்தைச் சொன்னேன். துள்ளி எழுவான் என்று நினைத்தேன். அவன் சிரித்தான்.

"வேண்டாம் அத்தான். கதவு மூடி இருந்ததாலதான் பேசறாங்கன்னு இத்தனை நாளா நெனச்சிட்டேன். இங்க கதவே இல்ல, இருந்தும் நிக்கிறாங்க பாருங்க. டீ நேரத்துக்கு மட்டும் வரச் சொல்றேன். மேனேஜர்கிட்ட அதைச் சொல்லிடுங்க."

"வெயில் அடிக்கும்டா."

"அப்ப கூரை போடுங்க. மேஸ்திரிதானே நீங்க?"

என்னிடம் இப்படிப் பேசிவிட்டுத் தப்பிய ஆள் கிடையாது. இவனை விட்டுவிட்டேன். மேனேஜரும் டீ நேரத்துக்குத் தலையாட்டினார். ஆட்டிவிட்டு வாசல் வரை போனவர் திரும்பி, "சும்மா கேக்கிறேன், அந்தக் கணக்குப்பிள்ளை எதுக்குக் காட்டிக் கொடுத்தான்?" என்றார். எனக்கென்ன தெரியும்? கீழே போய்க் கேளுங்கள் என்றேன்.

கூரைக்குத் தகரமும், உட்காரக் கல் பெஞ்சும் நானே போட்டேன். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. இந்த வயதிலும் மட்டம் பார்க்க எனக்கு ரசமட்டம் தேவையில்லை, கண்ணே போதும். கலவை இறுகியதா என்று பார்க்கத்தான் டீ நேரத்தில் அந்தப் பக்கம் போனேன். பெஞ்சு நிறைய ஆள். நடுவில் என் மச்சினன், காலை நீட்டிக்கொண்டு, பழைய பஸ் குரலில் கத்தினான்:

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா! அத்தானுக்கு இடம் விடுங்க!"

பெஞ்சின் உறுதியைப் பார்க்க உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? உட்கார்ந்தேன்.