ஐந்து மணி வீடியோ காலும் பிரின்சியின் தட்டும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் பெரியதாழைக்குப் போனது கடல் பார்க்க அல்ல, துப்புத் துலக்க. தங்கை ஸ்டெல்லா மகளை நினைத்துப் போனில் அழுதாள். "பிரின்சிக்கு பதினஞ்சு வயசுதான்க்கா. உடம்பு கூடிப்போச்சு, சுகர் வரப் பாக்குதுன்னு டாக்டர் சொல்லுதாரு. கடையில திருட்டுத்தனமா திங்குதா போல. வந்து கண்டுபிடிச்சுக் குடு." எனக்குச் சந்தேகப்படச் சொல்லித் தரவா வேண்டும்!

தூத்துக்குடியில் காலை 8.10 பஸ். முத்தையாபுரம் தாண்டும்வரை லாரி நெரிசல். திருச்செந்தூருக்கு 40 கிலோமீட்டர், 38 ரூபாய். அங்கே பஸ் மாறி இன்னும் 27 கிலோமீட்டர், 25 ரூபாய். இறங்கும்போது மணி 11.

நேராகக் கடைக்குத்தான் போனேன். கடைக்கார அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார். "அந்தப் புள்ள இங்கன வாரதே இல்ல. வேன் வாசல்லயே ஏத்துது, வாசல்லயே விடுது. டியூசனுக்கும் பைக்குதான். எங்க நடக்குதா?"

ஆள் மழுப்புகிறாரோ? வீட்டில் பிரின்சியின் பையையும் வெட்கமில்லாமல் குடைந்தேன். ஒரு மிட்டாய்த் தாள்கூட இல்லை. மதியம் அளவாகத்தான் சாப்பிட்டாள். அதையும் நடிப்பு என்றே நினைத்தேன்.

நாலரைக்கு ஸ்டெல்லா தட்டோடு வந்தாள். நெய்யில் பொரித்த இரண்டு முட்டை, ஜாம் தடவிய நாலு ரொட்டி, சீனி போட்ட பால். "ஏளா, சீக்கிரம் தின்னு. அப்பா கூப்பிடுவாவ."

அவள் புருஷனுக்குக் கத்தாரில் வேலை. தினமும் ஐந்து மணிக்கு வீடியோ கால். மகள் முகம் கொஞ்சம் வாடித் தெரிந்தால் போதும், "புள்ளைக்குச் சோறு போடுதியா இல்லியா?" என்று ஸ்டெல்லாவுக்கு வசவு விழும்.

"இதை ஏன் டாக்டர்கிட்ட சொல்லலை?"

"இது சாப்பாடாக்கா? அவிய பாக்குறதுக்குத்தான!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை ஊட்டிவிட்டு, பெற்ற பிள்ளையைத் திருடி என்கிறாளே!

போன் அடித்தது. ஸ்டெல்லா அதை மகளின் முகத்தருகே பிடித்தாள். "கன்னம் ஒட்டிப்போச்சே" என்றார் அவர். பிரின்சி போனைப் பிடுங்கி, ஜன்னலில் சாய்த்துவிட்டு, எதிர்ச்சுவர்வரை போய் நின்றாள்.

"முழுசாப் பாருங்கப்பா. மாடி ஏறுனா மூச்சு வாங்குது. வாலிபால் டீம்ல இருந்து எடுத்துட்டாவ. சுகர் வருமாம். அம்மா உங்ககிட்ட மறைச்சிட்டாவ."

அவர் திரையருகே குனிந்து மகளையும் தட்டையும் பார்த்தார். பிறகு, "ஸ்டெல்லா, அந்தத் தட்ட உள்ள கொண்டு போ" என்றார்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் மாலை ஆறுக்குள் திரும்பிவிடுங்கள், பிறகு பஸ் குறைவு. சொந்தத்தில் ஒரு பிள்ளை குண்டானால், கடைக்காரரை விசாரிப்பதற்கு முன் அந்த வீட்டில் ஒரு நாள் முழுக்க இருந்து பாருங்கள்.

கிளம்பும்போது பிரின்சியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அது கிடக்கட்டும் பெரியம்மா. என்ன தின்னேன், எங்க தின்னேன்னு எல்லாரும் கேட்டிய. பசிக்கான்னு ஒருத்தராவது கேட்டியளா?"