பிளெக்ஸில் ஏறிய மலை

நான் இருக்கிற ஊரில் சாயங்காலமானால் ஆட்கள் காரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு மலையைப் பார்க்கிறார்கள். மலை என்றால் மரமும் கோயிலும் இருக்கிற மலை இல்லை, மொட்டைப் பாறை. துரு, மஞ்சள், சுண்ணாம்பு வெள்ளை, சாம்பல், ஊதா என்று சேலைக்கடையில் மடித்து அடுக்கிய மாதிரி கீழிருந்து மேல்வரை நிறம் நிறமாக இருக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டு கேரி, ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டையரானவர், என்னைப் பார்த்தாலே "இன்றைக்கு மலையைப் பார்த்தாயா?" என்பார். அமெரிக்காவில் இந்த யூட்டாவுக்கு வந்த புதிதில், மலைக்கு ஏதோ ஆகிவிட்டது போல என்று பயந்து போய்ப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. இப்போது நானும் காரை நிறுத்துகிறேன்.

ஊரில் எங்கள் வீடு மதுரையில், விளாங்குடியைத் தாண்டி. அங்கே மலை என்பது பஸ் ஜன்னலில் தூரத்தில் தெரிவது. பாறை என்பது யாரோ வெடி வைத்து உடைத்து லாரியில் ஏற்றுவது. சும்மா நின்று ஒரு கல்லைப் பார்த்தால், இடம் வாங்கப் போகிறானோ என்று நாலு பேர் கூடிவிடுவார்கள். அதனால் ஒரு மழை விட்ட சாயங்காலம் நான் எடுத்த போட்டோவில் அத்தனை அடுக்கும் கழுவிவிட்டது போல விழுந்திருந்தபோது, அதை யாரிடம் காட்டுவது என்றே தெரியவில்லை. தங்கச்சி செல்வியிடம் காட்டினேன். "சூப்பர்ணே, இது எந்த ஆப்ல பண்ணது?" என்றாள்.

செல்விக்குக் கல்யாணம் முடிவானபோது என் விசா காகிதம் பாதியில் நின்றது. ஊருக்குப் போகலாம், திரும்பி வர முடியாது. ஒரே தங்கச்சி. மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மோதிரம் போட்டுவிட வேண்டியவன் நான். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆள்தான் போக முடியவில்லை, நான் இருக்கிற இடமாவது போகட்டும் என்று அந்தப் போட்டோவைப் பழங்காநத்தத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி பாண்டிக்கு அனுப்பினேன். மண்டப வாசலில் நிற்கிற பேனரில் பின்னால் மலை, முன்னால் பொண்ணு மாப்பிள்ளை, ஓரத்தில் வட்டத்துக்குள் என் முகம், கீழே 'அமெரிக்காவிலிருந்து வாழ்த்தும் பாசமிகு அண்ணன்'.

பாண்டி தொழில் தெரிந்தவன். அத்தனை அடுக்கு இருந்தால் எழுத்து எடுப்பாகத் தெரியாது என்று பாதியை வெட்டினான். மங்கலாக இருக்கிறது என்று கலரைத் தூக்கிவிட்டான். கடைசியில் மிஞ்சியது இரண்டே நிறம், நடுவில் கோடு போட்டது போல. எந்த இரண்டு என்று எழுத மாட்டேன். மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. எங்கள் ஊரில் இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அது யாருக்காவது சொந்தம். கம்பத்தில், கைக்கயிற்றில், டீக்கடைச் சுவரில் எது யாருடையது என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சொல்லிவிடுவார்கள். அந்த இரண்டும் எங்களுக்கும் சொந்தமில்லை, சம்பந்தி வீட்டாருக்கும் சொந்தமில்லை. அவர்களோடு ரொம்ப நாளாகப் பேச்சுவார்த்தை இல்லாத மூன்றாவது ஆட்களுக்குச் சொந்தம்.

மண்டபம் வண்டியூர்ப் பக்கம், தெப்பக்குளத்துக்குக் கிட்டே. பொண்ணழைப்பு அன்று மாப்பிள்ளையின் தாய்மாமா வந்து இறங்கப் போனவர், பேனரைப் பார்த்துவிட்டுக் கார்க் கதவைத் திரும்பச் சாத்திக்கொண்டார். பின்னால் வந்த இரண்டு வேனும் நின்றன. ஒருத்தரும் இறங்கவில்லை. அவர் இறங்காமல் அந்த வீட்டில் தாலி எடுக்க மாட்டார்கள். அப்பா வேர்த்து விறுவிறுத்துப் போய் எனக்கு வீடியோ கால் போட்டு, போனை அப்படியே கார் ஜன்னலுக்குள் நீட்டினார். எனக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. பல்கூட விளக்கவில்லை.

"மாமா, அது கொடி இல்ல, பாறை," என்றேன். "எங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கு. தானா அப்படி இருக்கு."

அவர் நிதானமாகத்தான் பேசினார். "தானாவே இருக்கட்டும் தம்பி. நம்மூர்ல தானா எதுவும் இருக்காதுல்ல."

பேனரை இறக்கிவிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா போனைப் பேனர் பக்கம் திருப்பினார், பாண்டி ஏணியோடு வந்தான். நான் அந்தக் கல்யாணத்தில் இருந்தது அந்த ஒரு இடத்தில்தான், அதுவும் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது செல்வி மாலையும் கழுத்துமாக வாசலுக்கே வந்துவிட்டாள். பொண்ணு அப்படி வரக்கூடாது. மாமாவின் காரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"மலைய எறக்கிக்கங்க. எங்கண்ணன எறக்கக் கூடாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. போனில் தெரியக்கூடாது என்று கேமராவை விட்டத்துக்குத் திருப்பினேன். மாமா அது நியாயந்தான் என்று ஒத்துக்கொண்டார். பாண்டி பிளேடால் என் முகத்தை மட்டும் வட்டமாக அறுத்தெடுத்தான். மாமா இறங்கினார். மறுநாள் என் சித்தப்பா மகன் என்னைக் கையில் பிடித்துக்கொண்டே மேடையேறினான். ஒரு கையால் மோதிரம் போட வரவில்லை. ஆகவே என்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். ஆல்பத்தில் அப்படித்தான் இருக்கிறேன். மாமாவே எனக்கு ஒரு பொட்டு குங்குமம் வைத்ததாகச் சொன்னார்கள்.

கேரியிடம் இதைச் சொன்னேன். நிறத்தால் போட்டோவை இறக்கிவிட்டார்கள் என்றதும், எந்த நிறம் பிடிக்கவில்லை என்று கேட்டார். தனித்தனியாக எல்லாம் பிடிக்கும், அந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஆகாது என்றேன். "அந்த ஊதாவையும் விட்டு வைத்திருக்கலாம், கண்ணுக்கு இதமாக இருந்திருக்கும்" என்றார். விஷயம் அதுவல்ல என்று விளக்க வாயெடுத்தேன். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. மூன்றாவதாக ஒரு நிறம் இருந்திருந்தால் மாமா வந்ததுமே இறங்கியிருப்பார்.

போன வாரம் அம்மா கூப்பிட்டாள். மிச்ச பிளெக்ஸை ஆட்டுக் கொட்டகைக்கு மேலே போட்டிருக்கிறார்களாம். வெளியே தெரிந்தால் வம்பு என்று படத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். மேலே வெறும் வெள்ளை, அண்ணாந்து பார்த்தால் மலை. ஆடுகள் மட்டும் பார்க்கலாம்.

"நல்ல மழைடா," என்றாள். "உன் மூஞ்சி இருந்த எடத்துல மட்டும் ஒழுகுது. அடியில சட்டி வச்சிருக்கேன்."

ஒரு துண்டு பிளெக்ஸை வைத்து ஒட்டச் சொன்னேன்.

"அது கெடக்கட்டும். நீ வந்து அடைப்பேல்ல."

வருகிறேன் என்றேன். இப்போது சாயங்காலம் காரை நிறுத்தினால் முதலில் நான் தேடுவது அந்த வட்டத்தைத்தான். வலது ஓரம், வெள்ளைக்குக் கொஞ்சம் மேலே. அங்கே பாறைதான் இருக்கிறது, ஓட்டை ஒன்றும் இல்லை. ஓட்டை ஊரில் இருக்கிறது, சட்டி நிறைய நிறைய அம்மா எடுத்து ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.