அட்ஜஸ்ட் என்ற சொல்லும் ஒரு பூசணிக்காயும்

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கோர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து, அதே பொருள் தரும் மற்ற சொற்களையும் தமிழ் அர்த்தங்களையும் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு வந்த சொல் அட்ஜஸ்ட். அகராதியைப் பார்த்து உரக்கப் படித்தாள். சரிசெய்தல், பொருத்துதல், சீராக்குதல், இணக்கமாக்குதல், ஒழுங்குபடுத்துதல். படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு நல்ல நல்ல அர்த்தங்களா இந்தச் சொல்லுக்கு?

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில்தான் ஆங்கிலத்தை ஒழுங்காக ஆரம்பிப்பார்கள். நான் ஐந்தோடு நின்றுவிட்டேன். அதனால் எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் கம்பெனியில் காதில் விழுந்ததுதான். அங்கே ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரிய அகராதி வேண்டாம். யார் சொல்கிறார், யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று கவனித்தால் போதும். அப்படி நான் கற்ற அர்த்தங்களில் ஒன்றுகூட அந்த அகராதியில் இல்லை. பொறுத்துக்கொள், கேட்காதே, இருப்பதை வைத்து ஓட்டு, நான் சொல்வது தப்பென்று எனக்கும் தெரியும் ஆனால் நீ செய். இவைதான் நானறிந்த அர்த்தங்கள். வாலாஜாபாத் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் வந்து "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றால் அது வேறு. அவரும் அரை இடுப்பில்தான் உட்காருவார். கம்பெனியில் சொல்கிறவர் சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வார்.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வருகிற ரோட்டில், அப்போது எதிரே ஒரு ரைஸ்மில் தவிர இரண்டு பக்கமும் கரம்பாகக் கிடந்த இடத்தில், தகர ஷெட் போட்ட சின்னக் கம்பெனி அது. சைக்கிளுக்கான தகடுகளை அடித்துக் கொடுப்போம். பெரிய பவர் பிரஸ் ஒன்று இருந்தது. தகட்டை அச்சின்மேல் வைத்துக் காலால் பெடலை மிதித்தால், மேலிருந்து இரும்புத் தலை ஓர் அடி அடித்துவிட்டு மேலே போய் நின்றுகொள்ளும். அடிபட்ட தகட்டைக் கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். நின்றுகொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் கையை விடுகிறோம். அந்த பிரஸ் சில சமயம் நிற்காது. மிதிக்காமலே இன்னோர் அடி அடிக்கும்.

அதில் வேலை செய்தவர் வாலாஜாபாத் பக்கத்து ஆள், என்னைவிடப் பெரியவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் சூப்பர்வைசரிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே பதில். "ஆர்டர் முடியட்டும், பாக்கலாம். அது வரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." ஒரு நாள் சாப்பாட்டு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அண்ணனின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அவர் கத்தக்கூட இல்லை. கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். ரைஸ்மில் வேனில் ஏற்றி செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அன்று சாயந்திரம் சூப்பர்வைசர் என்னிடம் வந்தார். "நாளையிலேர்ந்து நீ அதுல குந்து. காத்தால பூஜ போட்டுட்றோம்."

எனக்கு யார் முகத்தையும் பார்த்துப் பேச வராது. தரையைப் பார்த்தபடியே, "சார், அது ரெண்டு தபா அடிக்குது சார்" என்றேன்.

"அடிச்சா கைய சீக்கிரம் எடு. அதத்தான் அட்ஜஸ்ட்டுன்றேன்."

பக்கத்து மெஷின்காரன் சிரித்தான். "இன்னா மச்சான், பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி கூச்சப்பட்ற? மொத அடி வுழுந்ததும் முருகான்னு ஒரு தபா சொல்லு. சும்மா இருந்துச்சுன்னா கைய வுடு."

"முருகா சொல்லி முடிக்கறதுக்குள்ள வுழுந்துச்சுன்னா?"

"அப்போ சுருக்கமா வேலான்னு சொல்லு."

நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

வீட்டில் சோறு இறங்கவில்லை. என் மனைவி அத்தை மகள்தான், என்னை மாமா என்று கூப்பிடுவாள். "இன்னா மாமா, சோத்த உருட்டிக்கினே கீற?" என்றாள். சொன்னேன். இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கி விட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அட்ஜஸ்ட் பண்ணணுமாமா? அந்தாளு வூட்ல அம்மி ஆட்டாங்கல்லு கீதா, இல்லியா? அதுல அவுரு கைய வெச்சி அட்ஜஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லு. ரெண்டு வெரலு போச்சுன்னா இந்தப் புள்ளைக்கு ஊட்றதா, உனுக்கு ஊட்றதா நானு? நீ போவாத."

"போவலன்னா வேல போயிடும்."

"கை போயிட்டா மட்டும் வேல இருக்குமா?"

என்ன செய்வதென்று முடிவு பண்ணாமலே விடிந்ததும் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டேன்.

அங்கே முதலாளியே வந்திருந்தார். பிரஸ்ஸுக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழ மாலை. பூசணிக்காயின் மேல் கற்பூரம் ஏற்றி, சூப்பர்வைசர் தன் கையாலேயே மெஷினை மூன்று சுற்று சுற்றி, கேட் வாசலில் போட்டு உடைத்தார். நாங்கள் எல்லோரும் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். நான் சாமி கும்பிடுகிறவன்தான், திருஷ்டியையும் நம்புகிறவன்தான். ஆனால் அந்த பிரஸ்மேல் யார் கண் வைத்திருப்பார்கள்? அதைப் பார்த்துப் பொறாமைப்பட எவனுக்கு என்ன இருக்கிறது? ஒருவன் கை போனதற்குப் பரிகாரமாக மெஷினுக்கு மாலை போடுகிறார்களே என்று எனக்குள் கொதித்தது.

"ம், குந்து. இனிமே ஒண்ணியும் ஆவாது" என்றார் சூப்பர்வைசர்.

நான் உட்காரவில்லை. கேட்டுக்குப் போய் உடைந்த பூசணித் துண்டு ஒன்றை எடுத்து வந்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்கே சரியாகத் தெரியாது. பேச வராத ஆளுக்குக் கைதான் பேசும்போலிருக்கிறது. துண்டை அச்சின்மேல் வைத்து, தள்ளி நின்று பெடலை ஒரு மிதி மிதித்துக் காலை எடுத்துவிட்டேன். தலை இறங்கியது. பூசணி நசுங்கித் தண்ணீர் தெறித்தது. தலை மேலே போனது. எல்லோரும் காத்திருந்தோம். அது அங்கேயே நின்றுவிட்டது.

ஷெட்டே சிரித்தது. "பாத்தியா? திருஷ்டி கழிஞ்சிச்சு" என்றார் முதலாளி. எனக்குக் காது வரை சூடேறியது. சூப்பர்வைசரும் சிரித்துக்கொண்டே, "தோ பாரு, இவ்ளோதான்" என்று, நசுங்கிய துண்டைத் தள்ளிவிடக் கையை உள்ளே நீட்டினார். அவர் என்னை ஏமாற்றியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அவர் அந்தப் பூசணிக்காயை உண்மையிலேயே நம்பினார்.

நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். அதற்கு முன் மேலதிகாரி ஒருவரையும் நான் தொட்டதில்லை. அவர் பின்னால் சாய்ந்தபோது இரும்புத் தலை தானாக இறங்கியது. முழுக்கைச் சட்டையின் கைப்பட்டி மட்டும் அச்சில் மாட்டிக் கிழிந்தது. சூப்பர்வைசர் தன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார். முதலாளி நேராக ஆபீஸ் அறைக்குப் போய் போனை எடுத்தார்.

மத்தியானமே அம்பத்தூரிலிருந்து ஃபிட்டர் வந்துவிட்டார். மெஷினைப் பிரித்து, தலையைப் பிடித்து நிறுத்துகிற ஓர் இரும்புத் துண்டை வெளியே எடுத்தார். முனை மழுங்கிப் போயிருந்தது. "எப்பவோ தேஞ்சிப் போயிருக்குதேங்க" என்றார்.

சூப்பர்வைசர், "இப்போதிக்கு அட்ஜஸ்ட் பண்ணி வுட முடியாதா?" என்று கேட்டார். கிழிந்த சட்டையோடு நின்றுகொண்டு கேட்டார் மனிதர்.

"தேஞ்சத இன்னா சார் அட்ஜஸ்ட் பண்றது? மாத்தணும்."

மாற்றினார். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. மாலையையும் சந்தனத்தையும் துடைத்துவிட்டுத்தான் ஓட்டிப் பார்த்தார். ஒரு மிதிக்கு ஓர் அடி, அதற்கு மேல் இல்லை. மறுநாளிலிருந்து நான் அதில் உட்கார்ந்தேன். என் பத்து விரல்களும் இன்றும் இருக்கின்றன. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அரை நாள் வேலை அது! அந்த அரை நாளை அண்ணனுக்காக ஒதுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அவருடைய இரண்டு விரலுக்கு ஒரு பூசணிக்காய், இவருடைய சட்டைக் கைக்கு அம்பத்தூர் ஃபிட்டர். இதை எந்தச் சொல்லைப் போட்டு நியாயப்படுத்துவது? இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

காயம் ஆறி அண்ணன் திரும்பி வந்தபோது அவரை கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டார்கள். முதல் நாள் சூப்பர்வைசரே ஒரு ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டார். அதில் ஒரு கால் குட்டை. அண்ணன் உட்கார்ந்ததும் ஒரு பக்கம் சாய்ந்தது.

"கீழ ஒரு கல்லு வெச்சிக்கோ. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா" என்றார் சூப்பர்வைசர்.

அண்ணன் எழுந்து நின்றார். வலது கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.

"என் பங்கு அட்ஜஸ்ட் முடிஞ்சிபோச்சு சார். ஸ்டூல மாத்துங்க."

புது ஸ்டூல் வரும் வரையில், வெயிலில், அவர் உட்காரவே இல்லை. அன்று சாயந்திரமே வந்தது.

மகள் எழுதிக்கொண்டுபோனது அகராதியில் இருந்த அர்த்தங்களைத்தான். அதற்குத்தான் மார்க் போடுவார்கள்.