எங்கிட்ட ஒத்துக்கலையே

பன்னிரண்டு வருஷம் அரச தரப்பில் குற்ற வழக்குகள் நடத்தினேன். அதில் நான் வென்றதாகக் கணக்கில் இருக்கும் ஒரு வழக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர் அந்த அம்மா. நிறுவையில் எடை குறைகிறது என்று சொன்னதற்காகத் வேலையை மேற்பார்க்கும் தோட்டத்துக் கண்டாக்கு தராசுக் கொக்கியால் அவர் முகத்தில் அடித்தார். இடது கண் போய்விட்டது.

அவரை முதலில் சந்தித்தபோது சம்பவம் நடந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வாக்குமூலத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"மிஸ், இந்தக் கண்ணுக்குத் தோட்டத்துக்காரங்க ஒண்ணும் செய்ய மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"அது வேற கோர்ட்டுங்க. இப்ப இத பாப்போம்" என்றேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

விசாரணை நாளன்று சாட்சி சொல்ல விடியற்காலை பஸ்ஸில் நுவரெலியாவுக்கு வந்து, நீதிமன்றத்துக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணியும் நானும் அறைக்குள் பேசி முடித்தோம். கண்டாக்கு சிறிய குற்றமொன்றை ஒப்புக்கொண்டார். ஒத்திவைத்த சிறைத்தண்டனை, அரசுக்குக் கட்ட வேண்டிய அபராதம். எல்லாம் சிங்களத்தில் கால் மணி நேரத்தில் முடிந்தது.

வெளியே வந்தபோது அந்த அம்மா எழுந்து நின்றார். "மிஸ், நான் எப்பப் பேசணும்?"

"பேச வேண்டியதில்லைங்க. அவரு குத்தத்த ஒத்துக்கிட்டாரு."

"எங்கிட்ட ஒத்துக்கலையே."

எனக்கு அடுத்த வழக்கு இருந்தது. போய்விட்டேன். வழக்கைச் சுருக்கமாக முடித்ததற்கு மேலதிகாரி பாராட்டினார்.

மூன்று வருஷம் கழித்து வேலையை விட்டேன். மனச்சாட்சி உறுத்தி நான் விலகியதாக, என்னை அறிமுகப்படுத்தும்போது சிலர் மேடையில் சொல்கிறார்கள். உண்மையில், பதவி உயர்வு கிடைக்கவில்லை. ஹட்டன் பஜாரில் அப்பாவின் துணிக்கடைக்கு மேலே ஓர் அறையில் அலுவலகம் போட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்காக நட்டஈட்டு வழக்குகள் எடுக்கத் தொடங்கினேன்.

அதைக் கேள்விப்பட்டு அந்த அம்மா வந்தார். பழைய காகிதங்களையெல்லாம் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"இப்ப நீங்க அந்த வேற கோர்ட்டுக்குப் போறீங்களாமே. எனக்கும் கேஸ் போடுங்க மிஸ்."

திகதியைப் பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் காகிதங்களைப் புரட்டினேன், அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க.

"அடிபட்டு ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டிருக்கணும்ங்க. நாள் போயிருச்சு."

"அன்னிக்கு நான் கேட்டப்ப நாள் இருந்துச்சா?"

"ஆறு மாசம் இருந்துச்சு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காகிதங்களை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த மாதம் மறுபடி வந்தார். தோட்டக் குடியிருப்பான லயத்தின் சுவர் இடிந்து விழுந்து கால் நசுங்கிய பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கைத்தாங்கலாகப் படியேற்றிக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"இவளுக்கு இன்னும் நாள் இருக்கான்னு பாருங்க" என்றார். மிஸ் என்று சொல்லவில்லை.

நாள் இருந்தது. வழக்குப் போட்டேன். தோட்ட நிர்வாகத்தின் சட்டத்தரணி வழக்கைத் தள்ளிப்போட்டுத் தவணைக்கு மேல் தவணை வாங்கிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தவணைக்கும் அந்த அம்மாதான் அந்தப் பெண்ணை அழைத்து வருகிறார். நான் சொல்வதையெல்லாம் நம்பாமல், நீதிமன்ற எழுதுவினைஞரிடம் போய் அடுத்த திகதியைத் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்கிறார்.