உறையாத தயிர்

முக்கூடலில் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஒரே ஒரு செவலைப் பசு வளர்க்கிறோம். போன ஐப்பசியில் திடீரென்று தயிர் உறையாமல் கொழகொழவென்று நின்றது. பாலும் லேசாக உப்புக் கரித்தது.

"மழைக் குளிருக்கு அப்படித்தான் இருக்கும். உறைமோரை மாத்திப் பாருட்டி" என்றார் என் கணவர். மாற்றினேன். பாத்திரத்தையும் மாற்றினேன். கறக்கும்போது செவலை உதைத்தாள். புதுச் சேட்டை என்று நினைத்து, பின்னங்கால்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிக் கறந்தேன்.

ஒரு காம்பு சூடேறிக் கல்லாய் இறுகிய பிறகுதான் கால்நடை மருத்துவரை அழைத்தோம்.

"மடிநோய் வந்தா பால்ல சில நொதிக கூடிரும்மா. அதுக பாலோட புரதத்தை மடிக்குள்ளயே அரிச்சிரும். பெறவு எப்படி உறையும்? வலியிலதான் உதைச்சிருக்கு" என்றார் அவர்.

மூன்று காம்புகள் தப்பின. அந்த ஒன்று வற்றிவிட்டது.

இப்போதெல்லாம் ஒவ்வொரு காம்பிலும் முதல் பாலைக் கறுப்புக் கிண்ணத்தில் பீச்சி, திரிதிரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கறக்கிறேன். தயிரும் கட்டியாக உறைகிறது.

ஆனால், நான் செம்போடு வந்து உட்கார்ந்ததுமே செவலை தானாகவே பின்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்தக் கயிறு இப்போது எங்கள் வீட்டிலேயே இல்லை.