பாடகர் இல்லாத பாட்டுப்பெட்டி

விடியும் முன்பே போடியில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கும். எந்த வண்டியில் பாட்டு நன்றாகக் கேட்கிறதோ, காய் எடுக்கப் போகும் பெண்கள் அதில்தான் முதலில் ஏறுவார்கள். என் அப்பாவின் ஜீப்பில் ஹாரனைத் தவிர வேறெதுவும் பாடாது. வழக்கமாக வந்தவர்களில் பாதிப்பேர் அந்த சீசனில் பக்கத்து ஜீப்புக்கு மாறிவிட்டார்கள். மிச்சப்பேரும் போய்விட்டால் வண்டியை விற்க வேண்டியதுதான். அன்று ராத்திரி அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். ரோஷம் வேறு எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

"பாட்டுப்பெட்டி நான் செஞ்சு தர்றேன்ப்பா" என்றேன்.

"செஞ்சு பாருத்தா" என்றார், நம்பிக்கையே இல்லாமல்.

எங்கள் வீட்டு இலவச டிவியும் சித்தி வீட்டு இலவச டிவியும் எப்போதோ கண்ணை மூடியிருந்தன. வீட்டுக்கொரு ஸ்பீக்கராகக் கழற்றினேன். ஆம்ப்ளிஃபயர், பழைய இரும்புக் கடையில் கிடந்த கார் டெக்கின் வயிற்றிலிருந்து வந்தது. பெட்டிக்கு உடைந்த கட்டில் பலகை. அப்பாவின் செல்லைச் செருகி நையாண்டி மேளம் ஒன்றை ஓடவிட்டேன். அடி பின்னியது. அதோடு சோதனை முடிந்ததென்று விட்டுவிட்டேன்.

மறுநாள் நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். அடிவாரத்து முந்தல் தாண்டியதும் அப்பா ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். வயலின் வந்தது, புல்லாங்குழல் வந்தது, பாடகர் வரவில்லை.

"என்ன பாப்பா, பாடுறவரு மலைக்கு வரமாட்டேன்னுட்டாரா?" என்று பின்னாலிருந்து ஓர் அக்கா கேட்க, வண்டியே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. அப்பா மட்டும் சிரிக்காமல் கியரை மாற்றினார்.

ஆனால் அந்த அக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. வெறும் இசைக்குத் தானே பாட ஆரம்பித்தார். பிறகு இன்னொருத்தி. மலை மேலே போடிமெட்டு வருவதற்குள் மொத்த ஜீப்பும் ஆளுக்கொரு சுதியில் பாடிக்கொண்டிருந்தது. வரி மறந்த இடத்தில் தோட்டத்தில் வேலை வாங்கும் கண்காணியைத் திட்டி இட்டு நிரப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், செல்லில் செருகும் பின்னில் எர்த் வயரைப் பற்றவைக்கவே இல்லை. அது இல்லாவிட்டால் இரண்டு ஸ்பீக்கருக்கும் பொதுவாக வரும் சத்தம் அழிந்துபோகும். பெரும்பாலும் குரல்தான் அப்படிப் பொதுவாக வருவது. ஒரு பொட்டு ஈயம் வைத்தேன். குரல் கணீரென்று வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் அந்தக் கணீர்க் குரலைக் கேட்டபடி எல்லாரும் ஊமையாக உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் அந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"எண்ணே, வண்டிய நிப்பாட்டுங்க. அந்தாள எறக்கி விட்டுட்டு வெரசா போவம். எங்களப் பாடவிட மாட்டேங்கிறாரு."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். எர்த் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

இப்போது எனக்குக் கோயம்புத்தூரில் வேலை. நல்ல ஹெட்போனில் பாட்டுக் கேட்டால் யாரோ குறுக்கே புகுந்து பாடுவதுபோல எரிச்சல் வருகிறது. அந்தச் சுதி தப்பிய சத்தத்துக்கு மனசு கிடந்து ஏங்குகிறது.

அந்த சீசன் முடியும் முன் பக்கத்து ஜீப்புக்காரர் பெரிய செட்டாக மாட்டிக்கொண்டு வந்து எங்கள் ஆட்களைக் கூப்பிட்டார்.

"அதுல அவுக பாடுவாக. நாங்க என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டு அந்த அக்கா எங்கள் வண்டியில் ஏறினார். மாறிப்போன பெண்களும் பின்னாலேயே வந்து இடித்துப் பிடித்து உட்கார்ந்தார்கள்.

"வண்டிய எடுங்கண்ணே" என்று சத்தம் போட்டார்கள். அப்பா எடுக்கவில்லை. கண்ணாடியில் நிறைந்திருந்த அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.